முப்பத்தெட்டுக் கணக்கு நோட்டுகள்

எங்கள் வீட்டுக் கிரைண்டரின் ஓட்டத்தில் சிறு மாற்றம் தெரிந்தாலும் என் கணவர் அந்த நீளமான ஸ்குரூடிரைவரை எடுத்துவருவார். இரும்பு முனையை மோட்டார் மூடியின் மேல் வைப்பார். மரப்பிடியை வலது காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அரை நிமிடம் கழித்து, "பேரிங் தேய்கிறது. இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்பார். அவர் சொன்னால் ஒரு மாதம் தாங்கும்.

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். 1974-இல் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார், 2014 ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். 2022 நவம்பர் 19-ஆம் தேதி விடியற்காலையில், 68 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்பத்தோரு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓர் அட்டை அச்சடிக்க வேண்டும், அப்பாவைப் பற்றி நான்கு வரி எழுதிக் கொடு அம்மா என்று மூத்த மகள் கேட்டாள். எழுதினேன். நல்ல உழைப்பாளி, அன்பான கணவர், பாசமிக்க தந்தை, யாருக்கும் தீங்கு நினையாதவர். எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இதே நான்கு வரிகள்தான் இருந்தன. அந்த மனிதரை எனக்கு யாரென்றே தெரியாது. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு கண்மூடி நிற்கிற என் மனிதர் அந்த நான்கு வரிகளில் இல்லை.

அன்று முதல் அவரைச் சேகரிக்கத் தொடங்கினேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாகச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தோரு ஆண்டுகள் கூடவே இருந்த எனக்கு அவரைப் பாதிதான் தெரிந்திருந்தது. மீதிப் பாதி மற்றவர்களிடம் இருந்தது. கேட்டால் கொடுத்தார்கள். யாரும் கேட்காவிட்டால் அவர்களோடு அதுவும் போயிருக்கும். இந்தப் பாதையில் நான் தெரிந்துகொண்டவற்றையும், தவறவிட்டவற்றையும் எழுதுகிறேன். துணையை இழந்து திகைத்து நிற்கும் யாருக்காவது, அல்லது அப்பா இன்னும் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும்.

முதலில் அந்த விடியற்காலையைச் சொல்ல வேண்டும். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபோது மணி ஐந்து இருக்கும். அழுகைக்கு நடுவில் இளைய மகள், "அம்மா, அப்பாவின் கண்" என்றாள். தொழிற்சங்கத்தில் நடந்த முகாமில் கண்தான உறுதிமொழி எழுதிக் கொடுத்து அட்டை வாங்கிவந்திருந்தார். அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவில்லை. உறவினர் ஒருவர், "அவருக்குச் சர்க்கரை இருந்தது, புரை அறுவைச் சிகிச்சையும் ஆகியிருக்கிறது, எடுக்க மாட்டார்கள், விடு" என்றார். நல்லவேளையாக மகள் அதைக் கேட்கவில்லை, கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டாள். சர்க்கரை நோயாளிகளும், புரை நீக்கிக்கொண்டவர்களும், கண்ணாடி போட்டவர்களும் கண் கொடுக்கலாம். அட்டை கையில் இல்லாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவர்கள் வருவதற்குள் நாங்கள் செய்ய வேண்டியதைப் போனிலேயே சொன்னார்கள்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள். ஈரப் பஞ்சை நான்தான் வைத்தேன். அவருக்குக் கடைசியாக என் கையால் செய்த வேலை அது. வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவருடைய கருவிழி இப்போது யாருக்கோ பார்வையாக இருக்கும் என்ற நினைப்பு பல இரவுகளில் என்னைத் தூங்கவைத்திருக்கிறது.

பதினாறாம் நாள் ஒரு தவறு நடந்தது. வீடு முழுக்க உறவினர்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவருடைய சட்டை, வேட்டி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துப் பார்த்து அழுவாள் என்று பயந்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தேன். வெறும் மரப் பலகை. அவருடைய வாசனை எங்கேயும் இல்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால் தப்பித்த ஒரே ஒரு பனியன் கிடைத்தது. அதைத் துவைத்துவிட்டார்களே என்று கூட அழுதேன். ஆகவே சொல்கிறேன்: முதல் மாதத்தில் எதையும் கொடுக்காதீர்கள், யாரையும் கொடுக்கவும் விடாதீர்கள். அலமாரியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே எடுத்துக் கொடுக்கும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று கைக்குத் தெரியும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாமதமானால் கட்டணம், ஓராண்டு தாண்டினால் உத்தரவு வாங்கி அலைய வேண்டும். பதியும்போது பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அவருக்குப் பணிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது, வீட்டுப் பத்திரத்தில் மூன்றாவது விதமாக இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போய் வந்தது.

ஓய்வூதிய உத்தரவில் என் பெயர் இருந்தது, பிறந்த தேதி இல்லை. அவர் இருந்தபோது ஒரே ஒரு கடிதத்தில் சரிசெய்திருக்கலாம். இரண்டு பேருமே அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் ஓய்வூதியர் இருந்தால் இன்று மாலையே அந்த உத்தரவை எடுத்து மனைவியின் பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். தொகை எவ்வளவு குறையும் என்பதையும் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டு வையுங்கள். அவருக்கு வந்த பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தால் ஏழு ஆண்டுகள், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. என் கணவர் 67-ஐத் தாண்டியிருந்ததால் எனக்கு நேராக 30 சதவீதம். கணக்கு தெரிந்திருந்ததால் பயப்படாமல் இருந்தேன். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்.

இன்னொன்று. "பாங்குக்குத் தெரிவதற்குள் ஏ.டி.எம். கார்டில் எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்று அக்கறையோடு சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. எடுக்காதீர்கள். இறந்த நாள் வரைக்கும்தான் அவருடைய ஓய்வூதியம். அதற்குப் பிறகு வரவான பணத்தை வங்கி திரும்பப் பிடித்துக்கொள்ளும். எங்களுடையது இருவரில் யார் இருந்தாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு என்பதால் எனக்கு அன்றாடச் செலவுக்குத் தடை வரவில்லை.

அவருடைய செல்போன் எண்ணைக் காப்பாற்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பேசுவதற்கு ஆளில்லாத போனுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று விட்டுவிட்டோம். கேஸ் சிலிண்டர், மின்கட்டணம், வங்கி எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. ஓ.டி.பி. அங்கே போகும், எண் உயிரோடு இல்லை. ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி மாற்றினோம். அடுத்த ஆண்டு ஒருநாள் என் போனில் அவர் பெயரைத் திறந்து பார்த்தேன். அவர் படம் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு பையனின் படம். எண் வேறு யாருக்கோ போய்விட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லா இடத்திலும் எண்ணை மாற்றி முடிக்கும்வரை குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

ஆனால் என் போனில் பழைய வாட்ஸ்அப் செய்திகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஒரு குரல் பதிவு, ஒன்பது விநாடி. "கேட்கிறதா? சந்தையில் நிற்கிறேன். முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது, எத்தனை வாங்க?" பின்னால் பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் இரைச்சல். தக்காளிக்காரர் கூவுகிறார். அவர் 'எத்தனை' என்று சொல்லும்போது தொண்டையைச் செருமுகிறார். அந்தச் செருமலை வேறு எங்கே போய் வாங்குவேன்? மகன் அதை மூன்று இடத்தில் படியெடுத்து வைத்திருக்கிறான்: என் போனில், அவன் கணினியில், பென் டிரைவில். உங்கள் போனில் அப்படி ஒன்று இருந்தால் இப்போதே படியெடுங்கள். இல்லை என்றால் அடுத்த முறை அவர் கதை சொல்லும்போது பதிவு செய்யுங்கள். பேட்டி மாதிரி உட்காரவைத்தால் வாய் வராது. காய் நறுக்கும்போது, மோட்டார் பழுது பார்க்கும்போது, பக்கத்தில் போனை வைத்துவிட்டு எதையாவது கேளுங்கள்.

இனி நோட்டுகளுக்கு வருகிறேன்.

திருமணமான 1981-இலிருந்து தினமும் இரவு சாப்பிட்டுவிட்டுக் கணக்கு எழுதுவார். ஆண்டுக்கு ஒரு நோட்டு. நான்கைக் கரையான் தின்றுவிட்டது. முப்பத்தெட்டு மிஞ்சியிருக்கின்றன. வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று நானே பலமுறை பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு முதல் நோட்டைப் பிரித்தேன். பால், வெல்லம், பஸ், சங்கச் சந்தா, அம்மாவுக்கு மணியார்டர். ஒரு வார்த்தை உணர்ச்சி கிடையாது. ஆனால் ஒரு வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. மூத்தவள் பிறந்த நாளில் 'கற்கண்டு, ஆர்லிக்ஸ், ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு 1.00' என்று இருக்கிறது. இரவில் உள்ளே விடச் சொல்லி அந்த ஒரு ரூபாய். 2022 நவம்பர் முதல் வாரத்தில் 'பாங்கு, லைஃப் சர்ட்டிபிகேட், ஆட்டோ 60, வடை 20.' உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வடை வாங்கிவந்தது எனக்கு நினைவிருக்கிறது, இன்னும் சூடாக இருந்தது. நவம்பர் 18 இரவில் 'பால், கொத்தமல்லி, பேரனுக்குப் பென்சில்.' அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

நோட்டு தனியாகப் பேசாது. யாராவது ஒருவரோடு சேர்த்துப் படித்தால்தான் பேசும். அதைக் கற்றுக்கொடுத்தது 1987-ஆம் ஆண்டு நோட்டு.

பணிமனையில் அவரோடு ஒரே ஷாப்பில், அதாவது ஒரே பிரிவில், வேலை பார்த்த நண்பர் ஒருவர் முதலாண்டுத் திதிக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, "அண்ணே, அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றேன். "தங்கமான மனிதன்" என்றார், அதோடு நின்றுவிட்டார். நான் அவருடைய ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். பிடியைத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து, "தங்கச்சி, டிரேட் டெஸ்டில் அவன் ஒருமுறை தோற்றது உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது.

டிரேட் டெஸ்ட் என்பது தொழில்திறன் தேர்வு. ஃபிட்டருக்கான டெஸ்டில் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுப்பார்களாம். அரத்தால் ராவி ஒன்றை இன்னொன்றில் செருகும்படி செய்ய வேண்டும். செருகிய பிறகு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் ஒழுகக் கூடாது. "அவன் துண்டில் ஒரு மூலையில் நூல் அளவுக்கு ஒழுகியது. வேறு குற்றம் கிடையாது. சங்கு ஊதி எல்லாரும் போன பிறகும் ஆர்மரி கேட் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. நீ பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாய், கேட்டால் வருத்தப்படுவாய் என்றான். இருட்டும்வரை நானும் கூட உட்கார்ந்திருந்தேன்."

மகன் வயிற்றில் இருந்த மாதம். எனக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. தாமதமாக வந்தார். கையில் மல்லிகைப் பூவும் அல்வாப் பொட்டலமும் இருந்தன. டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தள்ளிப்போய்விட்டது என்றார். அல்வா வாங்கிவந்த மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? நண்பர் போன பிறகு 1987 நோட்டை எடுத்தேன். விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை: 'பூ 1.50, அல்வா 4.00.' அடுத்த வாரம்: 'அரம் 1, 18.00.' பணிமனையில் ஆயிரம் அரம் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு ஓர் அரம்? அப்போதுதான் காதில் அந்தச் சத்தம் கேட்டது. குவார்ட்டர்ஸ் பின்கட்டில் இரவு நேரத்தில் கர், கர் என்று ராவும் சத்தம். ஏதோ செய்கிறார் என்று படுத்துத் தூங்கியிருக்கிறேன். மறு ஆண்டு டெஸ்டில் தேறினார். அது மட்டும் எனக்குத் தெரியும், இனிப்பு கொடுத்தோம்.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த நாள் நடந்தது. எங்கள் வீட்டில் மின்கட்டணச் சீட்டுகள் பறக்காமல் இருக்க இரண்டு இரும்புத் துண்டுகளை வைத்து அமுக்கியிருப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்தது. மகனிடம் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். ஒன்றில் நாக்குப் போல ஒரு முனை, இன்னொன்றில் அதற்கான பள்ளம். செருகினான். மெல்லிய காற்றுச் சத்தத்தோடு உட்கார்ந்தது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தான். நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். வெளிச்சம் எங்கேயும் ஒழுகவில்லை.

இப்போது யாரிடமும் அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் புகழ்ச்சிதான் வரும். அவரை முதன்முதலாக எங்கே பார்த்தீர்கள், அப்போது கையில் என்ன வைத்திருந்தார், எப்போது கோபப்பட்டார், உங்களிடம் எதற்காவது கடன் கேட்டாரா என்று கேட்கிறேன். கூடவே ஒரு பொருளையோ படத்தையோ கொண்டுபோகிறேன். மனிதர்கள் கேள்விக்குத் தயங்குவார்கள். கையில் பொருளைக் கொடுத்தால் பேச்சு வந்துவிடும். சொல்வதை அன்று இரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் அவர்கள் வார்த்தை போய் என் வார்த்தை வந்துவிடுகிறது. எல்லாரையும்விட வயதானவரிடம் முதலில் போக வேண்டும். இரண்டு பேரிடம் நான் தாமதித்துவிட்டேன். ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை.

பிள்ளைகளையும் எழுதச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு நினைவு, அரைப் பக்கம் போதும் என்றேன். மூத்தவள் செப்டம்பர் 5 பற்றி எழுதினாள். 1946-இல் அந்த நாளில் பொன்மலைச் சங்கத் திடலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தியாகிகள் நினைவு நாளுக்கு அப்பா தன்னைத் தோளில் தூக்கிப்போனதையும், அவர் தலையைப் பிடித்துக்கொண்டால் தேங்காய் எண்ணெய் கையில் ஒட்டியதையும் எழுதியிருந்தாள். இளையவள் மேட்டுப்பாளையம் பற்றி எழுதினாள். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி என்ஜின்களைப் பொன்மலையில் செய்தபோது அவரும் அந்த ஷாப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு பேரக் குழந்தைகளை அழைத்துப் போய் அந்த என்ஜினைக் காட்டினார். நான்கு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு என்று குழந்தைகளுக்கு விளக்கினாராம். பிறகு என்ஜின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறான்" என்றாராம், மகனைப் பற்றிச் சொல்வது போல.

மகன் இரண்டே வரிதான் எழுதினான். "பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்தார். அதன் பிறகு இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை." உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா, கிழித்துவிடு என்றார். நான் கிழிக்கவில்லை. அடித்தது உண்மை. நான் குறுக்கே போகாமல் நின்றதும் உண்மை. அதையும் மகனின் வரிகளுக்குக் கீழே என் கையெழுத்தில் எழுதினேன். குறையை எடுத்துவிட்டால் மீண்டும் அந்தச் சுவரொட்டி மனிதர்தான் மிஞ்சுவார். அவன் அந்தப் பக்கத்தைச் சில மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தான். தேறாமல் போனதை வீட்டில் சொல்லப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கதை அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரும்புத் துண்டுகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டான். கொடுத்தேன்.

புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். அங்கே இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தபோது வேலையோடு குடும்பத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தவர். அவர் காலத்துக் குழுப் படம் ஒன்று பரணில் கிடைத்தது. இருபது பேர் தலைப்பாகையோடு நிற்கிறார்கள். அதில் தாத்தா யார் என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் என் கணவர்தான். நான் கேட்டதில்லை. இப்போது இருபது முகத்திலும் அவருடைய மூக்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே எல்லாப் படத்தின் பின்னாலும் பெயர், ஊர், ஆண்டு எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஆல்பத்தில் இருக்கும் பழைய படங்களை மெதுவாக வெளியே எடுத்துக் காகித உறையில் போடுங்கள். எங்கள் மூத்த மகளின் முதல் பிறந்தநாள் படம் பசையோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது முகம் கிழிந்துவிட்டது.

நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டோம். பேரன்தான் எடுத்தான், கோடை விடுமுறை முழுவதும். எடுக்கும்போது ஒருநாள், "பாட்டி, இதில் இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறதே" என்றான். 1993-ஆம் ஆண்டு நோட்டு. 'குன்னூர் ஷெட், 3 நாள், பயணம்' என்று ஒரு வரி. ஷெட் என்றால் ரயில் என்ஜின் கொட்டகை. அதற்குப் பிறகு இரண்டு பக்கம் காலி. மறுபடி பால், வெல்லம் என்று தொடங்குகிறது. முப்பத்தெட்டு நோட்டுகளில் அவர் இருந்தவரை எழுதாமல் விட்ட பக்கங்கள் அவை மட்டும்தான். அம்மா இறந்த அன்றுகூட எழுதியவர். குன்னூரிலிருந்து வந்து நான்கைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார் என்பது மங்கலாக நினைவிருக்கிறது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அவரோடு குன்னூருக்குப் போனவர்களில் ஒருவர் மணப்பாறையில் மகள் வீட்டில் இருக்கிறார். சார்ஜ்மேனாக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது சரியாகக் கேட்பதில்லை, போனில் பேச முடியாது என்று அவர் மகள் சொன்னாள். நேரில் வாருங்கள் அம்மா, கண் நன்றாகத் தெரிகிறது, எழுதிக் காட்டினால் பதில் சொல்வார் என்றாள்.

வருகிற ஞாயிறு போகிறேன். பேரன் துணைக்கு வருகிறான். ஸ்குரூடிரைவரையும் 1993 நோட்டையும் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு முழு வெள்ளைத் தாளில், அவர் படிக்கும்படி பெரிய எழுத்தில், கேள்வியை எழுதியிருக்கிறேன்: "அண்ணே, குன்னூரில் அந்த மூன்று நாளும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"